துளையிடுமுன் கேட்பதே நீதி

நிலத்தைத் துளைத்துப் பார்ப்பதனால் மாத்திரம் நிலம் பறிபோய்விடுமா என்று கேட்போர் உளர். கையளவு அகலமுள்ள துளை. அதிலிருந்து எடுக்கப்படும் பாறைத் துண்டு. அதில் யுரேனியம் எவ்வளவு என்ற கணக்கு. இதில் என்ன தீங்கு என்பது அவர்தம் வாதம். அவுஸ்திரேலியாவின் வடபிரதேசத்திலே, டார்வின் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில் வாழும் மிரார் ஆதிக்குடி மக்களின் வரலாறு இதற்குத் தக்க விடையாகும்.

அம் மக்களின் ஜபிலுக்கா நிலத்தில் யுரேனியம் கண்டுபிடிக்கப்பட்டது 1971இல். ஆதிக்குடிகளின் நில உரிமைச் சட்டம் பிறந்ததோ 1976இல். முதலில் துளை, பின்னரே உரிமை! அச் சட்டம் சுரங்கத்தை மறுக்கும் அதிகாரத்தை நிலத்துக்குரியோருக்கு வழங்கிற்று. ஆனால், அவர்களுடைய நிலத்திலேயே அமைந்த ரேஞ்சர் சுரங்கத்துக்கு மட்டும் விலக்களித்தது. விசாரணைக் குழு அம் மக்களின் எதிர்ப்பை ஒப்புக்கொண்டும், அந்த எதிர்ப்பு மேலோங்கலாகாதென 1977இல் தீர்த்தது. ரேஞ்சர் 2021 வரை இயங்கிற்று.

1982இல் ஜபிலுக்காவுக்கு உடன்படிக்கை எழுதப்பட்டு, 42 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. அச் சம்மதம் நெருக்குதலினாற் பெறப்பட்டதென்பது மிரார் மக்களின் நிலைப்பாடு. 1998இல் அக் குலத்தின் மூத்தவரான இவோன் மார்கருலா அம்மையார், தமது சொந்த மண்ணிலேயே அத்துமீறிப் பிரவேசித்தாரெனக் கைது செய்யப்பட்டார். காணிக்குரியவரையே அந்நியராக்கும் வல்லமை ஓர் ஒப்பத்துக்கு உண்டென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அவ்வாண்டு ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டு மறியல் செய்தனர். ஐந்நூறு பேருக்கு மேல் கைதாயினர். 2003இல் சுரங்க வழி மீள நிரப்பப்பட்டது. மிரார் மக்களின் சம்மதமின்றிச் சுரங்கம் இல்லையென 2005இல் உடன்பாடு கண்டது. 2024இல் குத்தகையைப் புதுப்பிக்க அரசாங்கம் மறுத்தது. ஓர் ஒப்பத்தின் விளைவை மாற்ற ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது.

அயலிலுள்ள கூங்காராவைப் பாருங்கள். 1970இல் அங்கும் யுரேனியம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் அந் நிலத்தின் காவலரான ஜெப்ரி லீ இணங்க மறுத்தார்; பெருஞ் செல்வம் காத்திருந்தும் மறுத்தார். 2013இல் அந் நிலம் ககாடு தேசியப் பூங்காவுடன் இணைக்கப்பட்டது. அங்கு ஒருபோதும் சுரங்கம் தோண்டப்படவில்லை.

சட்டமறிந்தோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், நில உரிமைச் சட்டத்தின்கீழ் மறுக்கும் அதிகாரம் ஆய்வுக் கட்டத்துடன் முடிந்துவிடுகின்றது. துளையிட இணங்கியோர் பின்னர் சுரங்கம் வேண்டாமெனக் கூற இயலாது. பூமிக்கடியில் என்ன உண்டென்று எவருமே அறியாத நாளில், அனைத்துக்கும் சேர்த்து ஒப்பமிடச் சொல்வது நியாயமாகுமா? விதை நெல்லைப் பார்க்கத் தந்தவன் வயலையே எழுதிக் கொடுத்தவனாவானா?

நாட்டுக்கு எரிபொருள் வேண்டுமென்பர். வேண்டலாம். தேவை எத்துணை பெரிதாயினும் அது சம்மதத்தின் இடத்தைப் பிடிக்கமாட்டாது. ஆதலின் இரு நிபந்தனைகள் இன்றியமையாதன: துளையிடுமுன் அனைத்தும் மக்களின் மொழியில் விளக்கப்படல் வேண்டும், ஆய்வு முடிந்தபின் மீண்டும் ஒருமுறை அவர்கள் மறுக்கும் உரிமை வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், முதல் துளையே நிலத்தின் இறுதித் தீர்ப்பாகிவிடும்.