காதை நம்பலாகாது

ஒரே நதியில் இருமுறை இறங்க இயலாதென்று ஹெராக்ளிட்டஸ் சொன்னதாகப் பிளேட்டோ தமது ‘கிராட்டிலஸ்’ என்னும் சம்வாதத்தில் குறிப்பிடுமிடத்து, ‘இருமுறை’ என்னும் பொருளை உணர்த்தி நிற்பது ‘டிஸ்’ என்ற ஓரசைக் கிரேக்கச் சொல்லாகும். அதன் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர்க்கு, வார்த்தைகளின் உறவைக் காதால் தீர்மானிப்பது எத்தனை அபாயகரமான காரியம் என்பது தெளிவாகப் புலப்படும்.

இதே பொருளில் சம்ஸ்கிருதம் ‘த்விஸ்’ என்றும் லத்தீன் ‘பிஸ்’ என்றும் வழங்குகின்றன. துவிஜன், அத்வைதம் என்ற பதங்களில் நமக்குப் பழக்கமான ‘த்வி’யும் இக்குடும்பத்ததே. 1786ஆம் வருஷம் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இம்மூன்று பாஷைகளும் ஒரு மூலத்தினின்று கிளைத்தவையாதல் வேண்டும் என்று பிரசங்கித்த பின்னர், இத்தகைய ஒப்பீடுகள் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தன. கிரேக்கத்தில் நடுவிலிருந்த வகர ஒலி தேய்ந்து மறைந்தது. லத்தீனிலோ முன்னிருந்த ‘துவ’ என்பது பகரமாயிற்று. இது மனம்போன போக்கில் கூறும் யூகமன்று. யுத்தத்தைக் குறித்த ‘துவெல்லும்’ ‘பெல்லும்’ ஆனதும், நல்லது என்னும் பொருளுடைய ‘துவோனுஸ்’ ‘போனுஸ்’ ஆனதும் அதே விதியினாற்றான். தீபாவளிக்கு நம் தொழிலாளர் கேட்கும் போனஸ் இந்த வழியில் வந்த சொல் என்பதை முதலாளிமார் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

காது நம்மை ஏமாற்றும் இடங்களும் உள. இருமடிப்புப் பத்திரத்தினின்று பிறந்த ‘டிப்ளமா’வில் இரண்டு என்னும் பொருள் மெய்யாகவே உண்டு, ஆனால் சினிமாக்காரர் வழங்கும் ‘டயலாக்’ இருவர் பேசுவதால் அப்பெயர் பெற்றதன்று. அதிலுள்ள ‘டயா’வுக்கு ஊடே என்பதே பொருள், வட்டத்தின் ஊடே செல்லும் ‘டயாமீட்ட’ரிலும் அதுவே. எத்தனை பேர் கூடிப் பேசினாலும் அது டயலாக்தான்.

இவை யாவற்றினும் விசித்திரமானது அர்மேனிய பாஷையில் இரண்டைக் குறிக்கும் ‘எர்கு’. செவிக்கு இது நம்முடைய ‘இரு’வின் உடன்பிறப்பாகவே ஒலிக்கும். ஆயினும், பூர்வத்தில் ‘த்வ’ என்று தொடங்கிய வேறு சொற்களும், அதாவது நெடுமையையும் அச்சத்தையும் குறித்தவை, அர்மேனியத்தில் ‘எர்க்’ என்றே தொடங்குவதைப் பிரெஞ்சு பண்டிதர் அந்துவான் மெய்யே எடுத்துக்காட்டினார். ஓரெழுத்தும் ஒவ்வாத கிரேக்க ‘டிஸ்’தான் அதற்குச் சுற்றம், ஒலியால் நெருங்கிய நம் ‘இரு’வோ, தெலுங்கின் ‘ரெண்டு’, கன்னடத்தின் ‘எரடு’ ஆகியவற்றோடு, 1856இல் கால்டுவெல் தனிக் குடும்பமென நிறுவிய திராவிட இனத்தைச் சார்ந்தது.

உலக பாஷைகளிலெல்லாம் தமிழ் ஒலிப்பதாகக் கேட்டு, ஒற்றைச் சொல்லின் சாயலைக் கொண்டே உறவு கொண்டாடுகிற கட்டுரைகள் நம் பத்திரிகைகளில் மலிந்துவருகின்றன. தமிழின் தொன்மைக்குச் சங்க நூல்களே போதிய சாட்சியாக இருக்கையில், இத்தகைய சாயல் வித்தை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவ்வாறு எழுத விழைவோர், தாம் கூறும் அதே ஒலிமாற்றம் வேறு மூன்று சொற்களிலேனும் நிகழ்ந்திருப்பதைக் காட்டட்டும். காட்டாதவரை அவற்றைப் பிரசுரிக்க வேண்டாமென்று பத்திரிகாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.