தலையாட்டினால் போதுமா?

மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, கொடுத்த தேதியில் வந்து போகிறவரே நல்ல நோயாளி என்று நம் வீடுகளில் இன்னமும் நினைக்கிறோம். அதிகம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேறு. மார்பகப் புற்றுநோயில் இந்த அடக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து.

மலேசியாவில் 2007 முதல் 2011 வரை புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களைச் சுகாதார அமைச்சின் ஆய்வு ஒன்று பின்தொடர்ந்தது. மார்பகப் புற்றுநோய் முதல் கட்டத்தில் தெரியவந்த பெண்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடுதான். சில கட்டிகள் இயல்பாகவே வேகமாகப் பரவும். ஆனால் நாமே தள்ளிப்போடும் மாதங்களும் உண்டு. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் தீபாவளி முடியட்டும், மகனுக்கு எஸ்.பி.எம். முடியட்டும் என்று அம்மாக்கள் காத்திருக்கிறார்கள்.

நோய் தெரிந்த பிறகும் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கான வழிகாட்டித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. புது மருந்து எதுவும் இல்லை. அடுத்த சோதனை எதற்கு, எப்போது என்று விளக்கவும், சிக்கல் வந்தால் கைகொடுக்கவும் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். முந்தைய ஆண்டில் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் 11.5 விழுக்காடு, திட்டத்தின் முதல் ஆண்டில் 4.4 விழுக்காடு. ஒரே மருத்துவமனையின் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்ட கணக்கு இது. இதை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. என்றாலும், விட்டுப்போனவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

விளக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது பயாப்சி. புற்றுநோய் என்று உறுதியானால், அதன் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால், அந்த ஹார்மோன் ஏற்பியில் பொருந்திக் கட்டியை வளரத் தூண்டும். தமோக்சிபென் மாத்திரை முந்திக்கொண்டு அதே ஏற்பியில் உட்கார்ந்து, ஹார்மோனுக்கு இடம் கொடுக்காது. அறுவைச் சிகிச்சை முடிந்து உடம்பு தேறிய பிறகும் ஐந்தாண்டு, சிலருக்கு அதற்கு மேலும், தினமும் அதை விழுங்கச் சொல்வது இதனால்தான். காரணம் தெரியாதவர், “எனக்குத்தான் நல்லாயிடுச்சே” என்று ஓராண்டில் நிறுத்திவிடக்கூடும்.

படிவம் நான்கிலும் ஐந்திலும் உயிரியல் படிக்கும் உங்களுக்கு உயிரணுவும் ஹார்மோனும் புதியவை அல்ல. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும்; அம்மாவுக்குத் தமிழ்தான் சரளம் என்றால் உடன் சென்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மொழிபெயர்க்கும்போது எதையும் மறைக்காதீர்கள். உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. அதே சமயம், நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லும் பாரத்தைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமில்லை. தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளினிக்கில், தொட்டுப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று சொன்னால், “ஸ்கேன் எடுக்காமல் எப்படித் தெரியும் டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்கலாம். கட்டி மறையாவிட்டால் எத்தனை வாரத்தில் திரும்பி வரவேண்டும் என்பதையும் கேட்டு, தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.