எழுநூற்று நாற்பதா, எழுநூற்று அறுபதா?

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் வறட்சிதான். "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். நான் உறுப்பினராக உள்ள சிக்கன நாணயச் சங்கத்தில் சர்வர் மாற்றப் போகிறார்கள். அதற்கு வந்திருக்கும் கொட்டேஷன் தொகை, உறுப்பினர்களுக்கு இரண்டு வருடம் கொடுக்கும் டிவிடெண்டுக்குச் சமம். அந்த டிவிடெண்டை நம்பித்தான் நம்மில் பலர் தீபாவளிக்குப் பேரப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறோம். பேரவைக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் என் அபிப்பிராயத்தை இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

சர்வர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'செர்வர்' என்றால் ஹோட்டலில் பரிமாறுகிறவர். கம்ப்யூட்டர் சர்வருக்கும் அங்கே அதே சொல்தான். கவுன்ட்டரில் இருக்கிற பெண் உங்கள் பாஸ்புத்தக எண்ணைத் தட்டினால், உள்ளே இருக்கிற அந்தப் பெட்டி கணக்கைத் தேடி எடுத்து வந்து பரிமாறுகிறது. ராக் சர்வர் என்பது 19 அங்குல அகலமுள்ள இரும்பு அலமாரியில் படுக்கையாகச் செருகும் வகை. உயரத்தை 'யு' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு யு ஒன்றேமுக்கால் அங்குலம். நம் சங்கத்தில் இருப்பது 2யு, அதாவது மூன்றரை அங்குலம். தடித்த கணக்கு ரிஜிஸ்டர் ஒன்றைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும்.

பெட்டியின் பெயர் டெல் பவர்எட்ஜ் ஆர்740. வாங்கியது 2018-ல். கொட்டேஷனில் எழுதியிருப்பது ஆர்760. நடுவில் உள்ள எண்தான் தலைமுறையைச் சொல்கிறது. 740 பதினான்காம் தலைமுறை, 750 பதினைந்து, 760 பதினாறு. நாம் ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததற்குப் போகிறோம். வேறு கம்பெனிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. எச்.பி.இ.யின் டிஎல்380 வரிசையில் 'ஜென் 10', 'ஜென் 11' என்று வெளிப்படையாகவே போட்டுவிடுகிறார்கள்.

தலைமுறைக்குத் தலைமுறை என்னதான் மாறுகிறது? பேப்பரில் பார்த்தால் நிறைய. 2017-ல் வந்த 740-ல் ஒரு பிராசசருக்கு அதிகபட்சம் 28 கோர்கள். 2021-ல் வந்த 750-ல் 40. 2023-ல் வந்த 760-ல் முதலில் 56, பிறகு 64. மெமரி செருகும் இடங்கள் 24-லிருந்து 32 ஆயின. மெமரியின் ரகமும் டிடிஆர்4-லிருந்து டிடிஆர்5 ஆனது. பழையதைக் கழற்றிப் புதியதில் போடமுடியாது, பள்ளமே பொருந்தாது. பிராசசருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள பாதை மூன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரத்துக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு தரத்துக்கும் வேகம் இரட்டிப்பு. இதையெல்லாம் குறை சொல்வதற்கில்லை. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் கொட்டேஷனோடு வந்த கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. புதிய சர்வர் பழையதைவிட இத்தனை மடங்கு வேகம் என்கிறது அந்த வரி. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் விடைத்தாளைப் பார்க்குமுன் ஒரே கேள்விதான் கேட்பார்: "கொம்பியான் த குவா?" எத்தனை சரி, எதில் எத்தனை? அலகு எழுதாத விடைக்கு அவரிடம் மதிப்பெண் கிடையாது. இந்த மடங்குக் கணக்கையும் அவரிடம் காட்டியிருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடுதான் விழுந்திருக்கும்.

பிராசசர் வேகத்தை அளக்க ஸ்பெக் என்ற பொது அமைப்பின் சோதனைகள் இருக்கின்றன. அதில் இரண்டு விதம் உண்டு. ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது என்பது ஒன்று. ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு முடிக்கிறது என்பது மற்றொன்று. விளம்பரங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும், ஏனென்றால் கோர்கள் கூடக்கூட அந்த எண்ணும் ஏறிக்கொண்டே போகும். ஹோட்டல் கணக்கில் சொன்னால், பரிமாற எட்டு பேருக்குப் பதில் முப்பது பேர் இருந்தால் கல்யாணப் பந்தி சீக்கிரம் முடியும். காலையில் தனியாக வந்து உட்கார்ந்து ஒரு காபி கேட்கிறவருக்கு முப்பது பேரால் என்ன லாபம்?

நம் சங்கத்து வேலை பெரும்பாலும் அந்த ஒற்றைக் காபி வகை. பகலில் கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் எண் தட்டுவார்கள். மாதக் கடைசியில் வட்டி போடும் வேலை ஒன்று ஓடும். அந்த வட்டி ப்ரோகிராம் பழைய காலத்தில் எழுதியது. ஒரு கணக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போகும். அதற்கு 64 கோர் கொடுத்தாலும் ஒன்றில்தான் ஓடும், மற்ற 63-ம் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. கோர் எண்ணிக்கையில் உச்சத்தில் உள்ள பிராசசர்களில் ஒவ்வொரு கோரின் அடிப்படை வேகம் குறைவாகவே இருக்கும். 2017-ன் 28 கோர் ரகத்துக்கு 2.5 கிகாஹெர்ட்ஸ். 2023-ன் 56 கோர் ரகத்துக்கு 2.0. ஒவ்வொரு துடிப்பிலும் புதியது அதிக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனாலும் கடிதத்தில் சொன்ன அத்தனை மடங்கு நம் வட்டிக் கணக்குக்கு வராது.

இதை நான் வெறும் வாயால் சொல்லவில்லை. சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியிடம் சொல்லி, விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை ஒரு மாதம் ஓடவிட்டோம். தனியாகச் செலவு எதுவும் இல்லை. பிராசசர் கால்வாசிக்கு மேல் ஏறவே இல்லை, மாதக் கடைசி இரவிலும்கூட. மெமரியில் பாதி காலி. டிஸ்க்குக்கு முன்னால் மட்டும் வேலைகள் வரிசை கட்டி நிற்கின்றன, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றின நாளில் நின்ற மாதிரி.

காரணம் எளிது. 2018-ல் செலவைக் குறைக்கச் சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 10,000 தடவை சுற்றுகிற டிஸ்க் என்றாலும், அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் தகவலை அது நொடிக்கு நூற்றைம்பது தடவைக்குப் பக்கமாகத்தான் தேடி எடுக்கும். சுற்றாத எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை எடுக்கும். சமையற்கட்டில் ஒரே ஒரு அடுப்பு எரியும்போது பரிமாறுகிறவர்களைக் கூட்டிப் பயன் இல்லை. கவுன்ட்டரில் நாம் நிற்கிற நேரத்துக்கு 740 என்ற எண்ணைக் குற்றம் சொல்லமுடியாது. அதற்குள் இருக்கிற டிஸ்க்தான் காரணம்.

அடுத்தது லைசென்ஸ். கொட்டேஷனில் மிகச் சின்ன எழுத்தில் இருப்பது இதுதான், பெரிய தொகையும் இதுதான். 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வருக்குக் கட்டணம் கோர் கணக்கில். குறைந்தபட்சம் 16 கோருக்குக் கட்டியே ஆகவேண்டும், அதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு கோருக்கும் சேர்த்துக் கட்டவேண்டும். கொட்டேஷனில் 32 கோர் பிராசசர் இரண்டு, மொத்தம் 64. ஆக, குறைந்தபட்சத்தைப் போல நான்கு பங்கு. கணக்குகள் இருக்கிற எஸ்.க்யு.எல். சர்வரையும் கோர் கணக்கிலேயே போட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதியிருப்பது 2022 பதிப்பின் ஸ்டாண்டர்டு வகை. அந்த வகை 24 கோர்களுக்கு மேல் பயன்படுத்தவே பயன்படுத்தாது. பயன்படுத்தாத 40 கோர்களுக்கும் நாம் பணம் கட்டவேண்டும். உறுப்பினர் பணத்தில் இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கரண்டையும் பார்க்கவேண்டும். இந்த வரிசையில் உச்ச ரக பிராசசர் ஒன்று 2017-ல் 205 வாட். 2021-ல் 270. 2023-ல் 350. சர்வர் குடிக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை ஏ.சி. வெளியேற்றவேண்டும், யு.பி.எஸ். பாட்டரியும் தாங்கவேண்டும். சித்திரை மாதத்தில் நம் ஊரில் அந்தப் பின்னறை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டேஷனில் ஏ.சி. பற்றியோ யு.பி.எஸ். பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா என்றால், மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பெட்டிக்கு வயது ஏழைத் தாண்டிவிட்டது. கம்பெனிகள் சட்டத்தின் தேய்மான அட்டவணை சர்வருக்கு ஆறு வருடம்தான் ஆயுள் போடுகிறது. விண்டோஸ் சர்வர் 2016-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2027 ஜனவரி 12-ஓடு நிற்கிறது. 2022 பதிப்பை 740-லேயே போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். போடலாம்தான். ஆனால் கிழப் பெட்டியில் புது மென்பொருளை ஏற்றிவிட்டு, பிறகு பெட்டி படுத்தால் மறுபடி இன்னொன்றுக்கு மாற்றுவது இரட்டை வேலை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பிராசசருக்குள்ளேயே இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. 740-ன் முதல் ரக பிராசசர்களுக்கு அவற்றை மென்பொருளால்தான் அடைத்தார்கள், அதில் கொஞ்சம் வேகமும் போயிற்று. புதிய தலைமுறைகளில் அவற்றில் பலவற்றுக்கு வன்பொருளிலேயே அடைப்பு இருக்கிறது. நம் ஓய்வூதியக் கணக்கெல்லாம் இருக்கிற பெட்டிக்கு இதெல்லாம் வேண்டிய காரணங்கள். 'மூன்று மடங்கு, நான்கு மடங்கு' என்பது வேண்டாத காரணம்.

நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது என் மேசை வேலை. மூன்று கொட்டேஷன், கீழே எல்-1 என்று சுழித்து ஒரு கையெழுத்து. எல்லாரும் விலையைத்தான் ஒப்பிடுவோம், ஸ்பெசிபிகேஷனை யாரும் கேட்கமாட்டார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 144-ஆம் விதி இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. அடிப்படைத் தேவைக்கு எது வேண்டுமோ அதை எழுது, அநாவசிய அம்சங்களைச் சேர்த்து வீண் செலவுக்கு வழி செய்யாதே என்பது அதன் சாரம். சங்கத்தை அந்த விதி கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, அதில் இருப்பது நியாயம். இப்போது வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களும் அதே 64 கோருக்குத்தான். தேவையில்லாத ஒன்றை யார் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

என் யோசனை இதுதான். 760-ஐயே வாங்கலாம், ஆனால் ஒரே ஒரு பிராசசரோடு. 16 கோர், ஒவ்வொரு கோரும் நல்ல வேகம் உள்ள ரகம். லைசென்ஸ் குறைந்தபட்சத்தோடு நிற்கும். ஒரு பிராசசர் மட்டும் போட்டால் மெமரி இடங்களில் பாதி, 16 மட்டுமே வேலை செய்யும், அது நமக்கு ஏராளம். பின்னால் தேவை கூடினால் அதே ரகத்தில் இரண்டாவது பிராசசரைச் சேர்த்துக்கொள்ள இடம் காலியாகவே இருக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை எஸ்.எஸ்.டி.க்குக் கொடுக்கலாம். ஐந்து வருட வாரன்டியை வாங்கும்போதே சேர்த்து எழுதி வாங்கவேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் விலையே வேறாக இருக்கும்.

பழைய 740-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அவர்கள் அதற்குப் போட்டிருக்கும் விலை பழைய பேப்பர் விலைதான். அதில் டிஸ்க்கை மட்டும் மாற்றி, கணக்குகளின் நகலை இரவுதோறும் வாங்கிக்கொள்ளும் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். இங்கே அல்ல, வேறு கட்டடத்தில், மாடியில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாள் மழையில் நம் ஊரில் எத்தனை தெருக்கள் மூழ்கின என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் சர்வர் இருப்பது தரைத்தளத்தில், அலமாரியின் கடைசித் தட்டில். தண்ணீர் இரண்டடி ஏறினால் பதினான்காம் தலைமுறை, பதினாறாம் தலைமுறை என்று பார்த்து விட்டுவைக்காது. புதிய பெட்டி வரும் அன்றே அதை மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், அதற்குக் காசு ஒன்றும் இல்லை.

கொட்டேஷனைத் திருப்பி அனுப்பி, 16 கோருக்குத் திருத்தி வாங்கவேண்டும் என்று பேரவையில் பேசப்போகிறேன். ஒரு மாத அளவீட்டையும், லைசென்ஸ் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள், எழுத்து பொடியாக வந்துவிட்டது.