சோத்து மலையும் சலாட் தண்டனையும்

லாச்சப்பல் மெட்ரோல சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கிப் பாருங்க. ரெண்டாம் நம்பர் லைன் இங்கே தரைக்கு மேலே ஓடறதால படி இறங்கித்தான் தெருவுக்கு வரணும். பாதிப் படியிலயே ரோல்ஸும் வடையும் பொரியற வாசனை வந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கும். அதைத் தாண்டி ஃபோபூர் சான் தெனி தெருவுக்குள்ள நுழைஞ்சா, கடை வாசல் பெட்டிகள்ல முருங்கைக்காய், பாகற்காய், புடலங்காய், வெண்டைக்காய், வல்லாரைக் கட்டு. நோயும் மருந்தும் ஒரே தெருவுல, பத்தடி இடைவெளியில. நாம கை நீட்டறது எந்தப் பக்கம்ங்கறதுதான் மேட்டர்.

இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதுக்குக் காரணம் எங்க வீட்டு அண்ணன்.

நான் இருக்கற வீட்ல நாலு பேர். மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸ் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெஸ்டாரன்ட் சமையக்கட்டுல வேலை, ராத்திரி ஒரு மணிக்குத்தான் வீடு. போன வருஷம் ரத்தப் பரிசோதனையில சக்கரை வந்துடுச்சு. ரெண்டு பக்கத்துல ஒரு டயட் தாள் குடுத்து அனுப்பினாங்க. தோல் நீக்கின கோழி நெஞ்சு, ஆவியில வேகவைச்ச பீன்ஸ், பச்சை சலாட், ஜீரோ பர்சென்ட் தயிர், தவிட்டு ரொட்டித் துண்டு ஒண்ணு. மனுஷன் பத்தொம்பது நாள் தாக்குப் பிடிச்சார். இருபதாம் நாள் நடுராத்திரி சட்டி நிறையச் சோறு வடிச்சு, முந்தின நாள் மீன் குழம்பை ஊத்தி, நின்னுக்கிட்டே சாப்பிட்டார். தண்ணி குடிக்க எந்திரிச்ச என்னைப் பார்த்துட்டுச் சொன்னார்:

"தம்பி, உது மருந்து. சாப்பாடில்லை. மருந்தை எத்தினை நாளைக்குத் திண்டுகொண்டு இருக்கேலும்?"

அந்தத் தாள்ல தப்பு எதுவும் இல்லை. ஆனா அதை எழுதினவங்களுக்கு நம்ம அடுப்படி தெரியாது. பிடிக்காத சாப்பாட்டை ஆயுசு முழுக்க யாரும் சாப்பிட மாட்டாங்க. அதனால குறைஞ்ச கலோரி சாப்பாட்டுக்கு முதல் தகுதி ருசி, கலோரி கணக்கெல்லாம் ரெண்டாவதுதான். இதுதாங்க என் கட்சி.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு நாள் சமையல் தராசை வெச்சு அண்ணனோட தட்டை நிறுத்தேன் (முறைச்சார், பரவாயில்லை). சோறு மட்டும் 550 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. ஆக 715. தட்டு ஓரத்துல கத்திரிக்காய் ஒரு கரண்டி, தொட்டுக்க. குழம்புல மிதந்த எண்ணெயை நான் கணக்குல சேர்க்கவே இல்லை.

அந்தச் சோத்தை 200 கிராம் ஆக்கினோம்: 260 கலோரி. முட்டைக்கோஸ் வறை 200 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் தேங்காய்ப்பூ: கிட்டத்தட்ட 145. தண்ணியாக் கரைச்ச பருப்பு 150 கிராம்: 150 வெச்சுக்கோங்க. ரசம் ஒரு கிண்ணம்: 20. இங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கற கொழுப்பு எடுத்த ஃப்ரோமாஜ் ப்ளான்ல வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுப் பச்சடி: 50. கூட்டிப் பாருங்க, 625. தட்டோட மொத்த எடை ஒரு கிலோவை நெருங்குது. ஆனா முன்னாடி தின்ன வெறுஞ்சோத்தைவிடக் கலோரி குறைவு!

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல பார்பரா ரோல்ஸ்னு ஒரு பேராசிரியர் ரொம்ப வருஷமா இதையே ஆராய்ச்சி பண்றாங்க. 1999ல அவங்க குழு ஒரு சோதனை பண்ணுச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி கோழியும் சோறும் சேர்ந்த ஒரு பதார்த்தத்தை ஒரு நாள் அப்படியே குடுத்தாங்க, ஒரு நாள் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணியோட, ஒரு நாள் அதே தண்ணியை உள்ளேயே ஊத்தி சூப்பா. சூப் குடிச்ச அன்னிக்குத்தான் அடுத்து வந்த சாப்பாட்டைக் குறைவாச் சாப்பிட்டாங்க. தண்ணியைத் தனியாக் குடிச்சதுல அந்தப் பலன் இல்லை.

படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. ரசம், சொதி, மோர்க்குழம்பு, நீர்மோர்... நம்ம பாட்டிமார் சாப்பாட்டுக்குள்ள தண்ணியை ஊத்தறதுல டாக்டரேட் வாங்கினவங்க! சொத்தை எல்லாம் நம்மகிட்டயே இருக்கு, விகிதம்தான் தலைகீழாப் போச்சு. சோறு நடுவுல மலை, மத்ததெல்லாம் அடிவாரம்.

சரி, ருசி எங்கே இருக்கு? கடுகு, கறிவேப்பிலை, மிளகு, சீரகம், புளி, எலுமிச்சை. இதுல எதுக்கும் கணக்குப் போடற அளவுக்குக் கலோரி கிடையாது. கலோரி ஒளிஞ்சிருக்கறது எண்ணெய்லயும் தேங்காய்ப்பால்லயும். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும், 40 கலோரி. நாம கண்ணால அளந்து ஊத்தறோமே, அது பல நேரம் மூணு மேசைக்கரண்டி, 360. கறிவேப்பிலை வாசத்துக்கு முதல் ஸ்பூனே போதும், மிச்சம் சட்டி அடியில மினுமினுக்கத்தான்.

தேங்காய்ப்பால் விஷயத்துல அண்ணன்கிட்ட வாயைத் திறக்கவே பயம். மாணிக்க விநாயகர் தேர் அன்னிக்கு இந்தத் தெருக்கள்ல உடையற தேங்காய் மலையைப் பார்த்தவங்களுக்குப் புரியும், இந்த ஜனத்துக்கிட்டத் தேங்காயைப் பிரிக்க முடியாது. 18% கொழுப்புள்ள 400 மி.லி. டின்னுல 72 கிராம் கொழுப்பு. கிராமுக்கு 9 வீதம், கொழுப்புல மட்டும் கிட்டத்தட்ட 650 கலோரி. டின்னை ஒழிக்க வேணாம். கால் டின் எடுத்துத் தண்ணி விட்டு சொதி வெச்சு, இறக்கும்போது எலுமிச்சை பிழிஞ்சா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பளத்தை எண்ணெய்ல போடாம மைக்ரோவேவ்ல சுடலாம். லாச்சப்பல் காய் விமானத்துல வர்றதால மாணவன் பர்ஸுக்கு இடிக்கும். கூர்ஜெட்டை வாங்கிச் சுரைக்காய்னு நெனச்சுக் கூட்டு வைங்க, சத்தியமா ஏமாந்துடுவீங்க. ப்ரெத்தோன்காரங்களோட லே ரிபோ அப்படியே நம்ம மோர், பெருங்காயம் தூவினாப் போதும். பச்சைப் புய் பருப்புல சுண்டல் செஞ்சு, பிள்ளையாருக்குப் படைச்சுட்டு நானே சாப்பிட்டேன் :)

ரெண்டு மூடநம்பிக்கையையும் உடைச்சுடறேன்.

ஒண்ணு, "சோத்தை விட்டுட்டுச் சப்பாத்தி சாப்பிடு, கேழ்வரகு சாப்பிடு, கலோரி கம்மி". அரிசி, கோதுமை மாவு, கேழ்வரகு மாவு எல்லாமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 320ல இருந்து 360 கலோரிதான். முழுக் கோதுமையிலயும் குரக்கன்லயும் நார்ச்சத்து அதிகம், அது நல்லது. ஆனா நாலு சப்பாத்திக்கு மேல அஞ்சாவதுக்குக் கை நீட்டிட்டு "நான் டயட்"னு சொல்லக் கூடாது.

ரெண்டு, தேங்காய் எண்ணெய் விட்டு வடிச்சுக் குளிர்பெட்டியில வெச்ச சோறு பாதிக் கலோரிங்கற கதை. இதுக்கு மூலம் 2015ல கொழும்புல வேதியியல் படிச்ச சுதைர் ஜேம்ஸ்ங்கற மாணவரும் அவரோட வழிகாட்டியும் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்துல வெச்ச ஆய்வு. எண்ணெய் சேர்த்து வேகவைச்சு 12 மணி நேரம் குளிரவெச்சா, செரிக்காத மாவுச்சத்து கூடுதுன்னு காட்டினாங்க. நம்ம பக்கத்துப் பையன், பெருமைதான். ஆனா அவங்க சொன்ன கலோரிக் குறைவு 10லிருந்து 12 சதவீதம். 50, 60ங்கறது, தோதான அரிசி ரகம் அமைஞ்சா வரலாம்ங்கற எதிர்பார்ப்பு மட்டும். பேப்பர்காரங்க எதிர்பார்ப்பைத் தலைப்பாக்கிட்டாங்க. பழையது சாப்பிடுங்க, ஆனா குண்டான்ல சாப்பிடாதீங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்? 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு (சென்னை டாக்டர் மோகன் குழு முன்னின்று நடத்தினது) இந்தியாவுல 10 கோடிக்கு மேல சக்கரை நோயாளிகள்னு சொல்லுது. நம்ம ஜனத்துக்குத் தொப்பை சின்னதா இருக்கும்போதே நோய் வந்துடுது. அதனாலதான் உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 2004லயே, ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 25 வரைக்கும் காத்திருக்காம 23லயே உஷாராகச் சொன்னாங்க. எனக்கு இப்போ 24. அண்ணனைச் சாக்கா வெச்சு எனக்கே எழுதிக்கற பதிவுதான் இது!

"ராத்திரி ஒரு மணிக்கு வந்து யாருய்யா அஞ்சு கறி சமைக்கறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அண்ணனும் அதைத்தான் கேட்டார். பதில்: ஞாயித்துக்கிழமை. நாலு பேரும் சேர்ந்து காய் நறுக்கறோம். பருப்பும் ரசமும் மூணு நாளைக்குக் குளிர்பெட்டியில, வறை தினமும் பத்து நிமிஷம். சோறு வடிக்கறவர் கையில இப்போ ஒரே ஒரு அளவுக் கப்தான் இருக்கு.

நாலு மாசம் ஆச்சு. அதிசயம் எதுவும் நடக்கலை. மாத்திரை தொடருது, டாக்டர் அளவைக் கூட்டலை, அவ்வளவுதான். (மாத்திரையோ ஊசியோ போடறவங்க சோத்தைத் திடீர்னு குறைச்சா சக்கரை இறங்கி மயக்கம் வரும். டாக்டர்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்க.) ஆனா இருபதாம் நாள் தாண்டிடுச்சு, நூறாம் நாளும் தாண்டிடுச்சு. அந்தத் தாளால முடியாதது இது.

நேத்து ராத்திரி ரசத்தைக் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சுட்டு அண்ணன் சொன்னார்: "தம்பி, இது சாப்பாடு."

பி.கு.: ரோல்ஸ் சாப்பிடறதை விட்டுட்டோமான்னு கேக்காதீங்க. மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, ஆளுக்கு ஒண்ணு. படி இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கிட்டு வாழ முடியுமா என்ன!