முக்கால் மணி நேரப் பொய்

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். சென்னைக்கு 530! இணையத்தில் தேடினால் 'பறக்கும் நேரம் முக்கால் மணி' என்று வருகிறது. எந்த விமானத்திலாம்? எங்கள் ஆழ்வார்திருநகரியிலிருந்து கொழும்பில் ஒரு துஷ்டிக்குப் போகணும் என்றால் மதுரைக்கு பஸ் ஏறணும், இல்லை சென்னையைச் சுற்றணும். அதற்குள் காரியமே முடிந்துவிடும்.

'ஓடுதளம் போதாது' என்ற சாக்கும் போச்சு. 1,350 மீட்டராக இருந்தது இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு.

'ஆள் வராது, 2011-ல் விட்ட கொழும்புக் கப்பலே சில மாதத்தில் நின்றதே' என்பார்கள். ராத்திரி முழுக்கக் கப்பலில் கிடப்பதும் முக்கால் மணி பறப்பதும் ஒன்றா? சர்வதேச அந்தஸ்தே கொடுக்காமல் ஆள் வராது என்பது, வாசலைப் பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லை என்பதுபோல. முதலில் திறங்கய்யா, பிறகு தலையை எண்ணலாம்!