'எங்க ஸ்கூல் சரிப்படாதுங்க'ன்னு எழுதிக் குடுங்க பார்ப்போம்!

'உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாதுங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்களேன்...'

ஆட்டிசம், டிஸ்லெக்ஸியான்னு ஏதாவது ஒண்ணு உள்ள பிள்ளையைப் பெத்தவங்களுக்கு இந்த டயலாக் மனப்பாடம். எங்க அக்கா மூணு பள்ளிக்கூடத்துல கேட்டாச்சு. மூணு பேரும் சிரிச்ச முகத்தோட, வாய்வார்த்தையாத்தான் சொன்னாங்க. ஒருத்தரும் எழுதித் தரலை. மேட்டரே அங்கதான் மக்களே இருக்கு!

எழுதிக் கொடுத்தா மாட்டிப்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தோட 16-ஆம் பிரிவு, பாகுபாடு இல்லாம சேர்க்கணும்னு சொல்றது அரசு பள்ளிக்கு மட்டுமில்ல, அங்கீகாரம் வாங்கின தனியார் பள்ளிக்கும்தான். 31-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடுன்னு சான்றிதழ் உள்ள, 6 முதல் 18 வயசுப் பிள்ளைக்கு பக்கத்துப் பள்ளியிலயோ சிறப்புப் பள்ளியிலயோ இலவசமாப் படிக்க உரிமை இருக்கு. எதுன்னு தேர்ந்தெடுக்கறது பிள்ளை தரப்பு. பிரின்சிபால் இல்லைங்க!

'ஸ்பெஷல் டீச்சர் இல்லையே, நாங்க என்ன பண்ண?'ன்னு ஒரு பாட்டு வரும். தொடக்க வகுப்புல இப்படிப்பட்ட 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15-க்கு ஒருத்தர்னு உச்ச நீதிமன்றம் 2021-லயே சொல்லியாச்சு. ஆள் போடாதது அவங்க தப்பு. தண்டனை மட்டும் பிள்ளைக்கா?

'சரிப்பா, வக்கீலுக்குப் பணம்?'

இதைத்தான் யாருமே சொல்றதில்லை. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-ன்படி குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் சட்ட உதவி இலவசம். வருமானச் சான்றிதழ் வேண்டாம். இந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு தகுதியும் இருக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுக்கலாம், இல்லை 15100-க்கு போன் போடலாம்.

'கேஸ் போட்டா பிள்ளையைப் பழிவாங்க மாட்டாங்களா?' நியாயமான பயம். ஆனா சட்ட உதவின்னா கேஸ் மட்டும்தான்னு யார் சொன்னா? ஆலோசனையும் அதுல அடக்கம். மாநில ஆணையர்கிட்ட புகார் கொடுக்கலாம். சம்மன் அனுப்பற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரையை ஏத்துக்கலைன்னா 3 மாசத்துக்குள்ள காரணம் சொல்லியாகணும். தனியா நிக்கற அம்மாவை மிரட்டறது சுலபம். பக்கத்துல ஒரு வக்கீல் நின்னா பேச்சே மாறிடும்.

எங்க ஆபீஸ்ல ஒரு வசதியை எழுதி முடிச்சுட்டு, அதுக்கான பட்டனை ஸ்கிரீன்ல வைக்காம விட்டா கிளையண்ட் காறித் துப்புவான். அரசாங்கம் அதைத்தான் பண்ணி வெச்சிருக்கு. சட்டம் இருக்கு, வக்கீல் இருக்கார், கதவு எங்கேன்னு மட்டும் யாரும் காட்ட மாட்டாங்க.

என் கோரிக்கை ரெண்டுதான். குறைபாட்டுச் சான்றிதழ் கொடுக்கற அதே மேஜையில இந்த உரிமைகளை ஒரு பக்கத்துல அச்சடிச்சுக் கொடுக்கணும். சேர்க்கை மறுக்கற பள்ளி, காரணத்தை எழுத்துல கொடுத்தே ஆகணும்னு அரசு உத்தரவு போடணும்.

அதுவரைக்கும் பெத்தவங்க செய்ய வேண்டியது, சேர்க்கை மனுவை எழுத்துல கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து கேக்கறது. 'சரிப்படாது'ன்னு சொன்னா, "அதை எழுதிக் கொடுங்க சார்"னு நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம உக்காருங்க.

இதை அப்படியே எடுத்து உங்க பதிவுலயும் போடுங்க மக்கா. என் பேர்கூட வேண்டாம், அந்த 15100 மட்டும் விட்டுடாதீங்க :-)