ஒரு விருது போதுமா?

ஏப்ரல் 14 அன்று பெருமுக்கல், திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்துக் காலனிகளில் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், மாலையில் கூட்டம் நடத்துகிறோம். அதற்கு மறுநாள் என்ன நாள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் தமிழ்நாட்டில் அமைந்தது அந்தத் தேதியில்தான். திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பு சொன்னதும் அதே தேதியில்தான்.

இந்த நாளையொட்டி 2021 முதல் தமிழ்நாடு அரசு சிறந்த திருநங்கை விருதை வழங்கி வருகிறது. ஒரு லட்சம் ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும் தரப்படுகின்றன. நல்ல தொடக்கம், வரவேற்கிறோம். ஆனால் அந்த மேடைக்கும் நம் தெருவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

விழுப்புரம் மக்களுக்குத் திருநங்கைகள் புதியவர்கள் அல்ல. ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். அதற்கு முன்பாக விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் அழகிப் போட்டி நடக்கிறது. வேறு எந்த மேடையும் இல்லாத காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த மேடை அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. குறை நம்மிடம் இருக்கிறது. இரண்டு நாள் வேடிக்கை பார்த்து, செல்போனில் படம் எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் அதே திருநங்கை வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கதவைச் சாத்துகிறோம்.

அரசு விருது அழகைப் பார்த்துத் தரப்படுவது அல்ல, உழைப்பைப் பார்த்துத் தரப்படுவது. 2021இல் முதல் விருதைப் பெற்றவர் தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு. தலித் சமூகத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே மற்ற பிள்ளைகளிடமிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டதைப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஒருபுறம் சாதி, மறுபுறம் பாலினம் என இரண்டு அடியையும் ஒரே உடம்பில் வாங்கியவர். அதையெல்லாம் தாண்டிப் பொறியியல் கல்லூரிக்குப் போனார். கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் திருநங்கைகளின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்நின்றார். கடை கடையாகக் கை நீட்ட வேண்டியிருந்தவர்கள் அங்கே மாடு வளர்த்துப் பால் ஊற்றினார்கள். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவர்களைப் பாராட்டும் விருதுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அரசின் உதவி பெறாமல் சுயமாக முன்னேறியிருக்க வேண்டும் என்பதே அது. இந்த வரியை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். காலனியில் பிறந்து, வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் மேலே வந்தால் அது அவருடைய பெருமை. அரசுக்கு அதில் என்ன பெருமை? ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளை, உதவி வாங்கியவர்கள் என்று நாம் குறைத்து மதிப்பதில்லை. திருநர்களின் உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அப்படிப் படித்து வருபவரும் நாளை இந்த விருது மேடையில் ஏற வேண்டாமா? அந்த நிபந்தனையைத் திருத்துவதே முறை.

அடுத்து, விருதைவிடப் பெரிய விஷயம் இடஒதுக்கீடு. மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வது அவசியம். 2015ஆம் ஆண்டு அரசாணை திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அதையொட்டி அரசுத் தேர்வுகளில் நடைமுறை இப்படி இருந்தது: சாதிச் சான்றிதழ் இல்லாத திருநர் மிகப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படலாம். பிற்படுத்தப்பட்டோர் போன்ற பிரிவினர் விரும்பினால் அந்தப் பட்டியலுக்கு மாறிக்கொள்ளலாம். பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் வைத்திருப்பவர் மட்டும் அவரவர் பிரிவிலேயே இருக்க வேண்டும். தன்னைப் பெண்ணாகக் கருதும் திருநங்கைக்குப் பெண்களுக்கான 30 சதவீதத்தில் இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் திருநர் என்பதற்காகத் தனியாக எதுவும் தலித் திருநங்கைக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தின் ஆதரவோடு படித்தவர்களோடு, தெருவில் தூங்கி எழுந்து படித்தவர் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக அவர்கள் கேட்பது கிடைமட்ட ஒதுக்கீடு. பெயர் கடினமாக இருந்தாலும் நாம் ஏற்கனவே அறிந்த ஏற்பாடுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. தலித் மாற்றுத்திறனாளி அதைப் பெறுவதற்காகத் தன் சாதிச் சான்றிதழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதுபோல ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்கிறார்கள். கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் 1 சதவீதம் இப்படிக் கொடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூனில் அந்த 2015 அரசாணையை ரத்து செய்து, 1 சதவீத கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கச் சொன்னது. திருநர் என்பது பாலினம், அது ஒரு சாதி அல்ல. சாதியின் பெயரால் பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்ட நமக்கு இந்த வேறுபாடு மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும். கிரேஸ் பானு உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று கேட்பது இதைத்தான். போராடியவருக்கு விருது கொடுத்தால் மட்டும் போதாது, அவர் எதற்காகப் போராடினாரோ அதையும் கொடுக்க வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு திருநரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேற்றுவது குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. பாலியல் கொடுமை செய்தாலும் அதே 2 ஆண்டுதான் உச்சம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினாலே 5 ஆண்டு வரை சிறை உண்டு. திருநங்கையின் உடலுக்கும் மானத்துக்கும் சட்டமே குறைந்த விலை வைத்திருக்கிறது.

அரசைக் கேட்டுவிட்டோம். இனி நம்மைக் கேட்டுக்கொள்வோம். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று சொன்னவர்களை எதிர்த்து நின்ற சமூகம் நம்முடையது. அதே நாம், நடையும் பேச்சும் மாறியிருக்கிறது என்பதற்காகப் பதினான்கு வயதுப் பிள்ளையை அடிக்கலாமா? “சொந்தக்காரன் என்ன சொல்வான்” என்று பயந்து, பெற்ற பிள்ளையை ராத்திரி பஸ் ஏற்றி அனுப்பலாமா? தலித் குடும்பத்தில் பிறந்த லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை ‘நான், வித்யா’ என்ற நூலாக எழுதியிருக்கிறார். நம் நூலகங்களிலும் அம்பேத்கர் படிப்பகங்களிலும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் படிக்க வேண்டும்.

செய்வதற்குக் கஷ்டமில்லாத வேலைகள் சில உண்டு. பள்ளியில் இப்படிப்பட்ட மாணவரைக் கேலி செய்வதைத் தலைமை ஆசிரியர் அன்றைக்கே தடுக்க வேண்டும். பெற்றோர் கைவிட்டவருக்குச் சாதிச் சான்றிதழ் தரும்போது, அப்பா வரவேண்டும், அம்மா வரவேண்டும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் அலையவிடக் கூடாது. வீட்டுமனைப் பட்டா கேட்டுத் திங்கட்கிழமை மனுவோடு ஆட்சியர் அலுவலகம் வருபவர்களுக்கு, ஊருக்கு வெளியே சுடுகாட்டு ஓரத்தில் இடம் காட்டக் கூடாது. அந்தத் தூரத்தின் வலி நமக்குத் தெரியும். நம் வட்டாரத்தில் தகுதியான திருநங்கை இருந்தால், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விருதுக்கு விண்ணப்பிக்கப் படித்த இளைஞர்கள் உதவலாம்.

வரும் ஆண்டில் ஏப்ரல் 14 அன்று கூட்டம் போடும்போது, காலனியில் பிறந்து வெளியேறிப்போன திருநங்கைகளையும் அழையுங்கள். வேடிக்கை காட்டவோ ஆடவோ கூப்பிட வேண்டாம். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேசச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடுங்கள். அரசு ஆண்டுக்கு ஒரு நாள்தான் விருது கொடுக்கும். பெற்ற வீட்டில் ஒரு தட்டுச் சோறும் படுக்க ஒரு பாயும் ஆண்டு முழுவதும் கொடுக்க நம்மால் முடியும்.